மழைப் புத்தகமும் ரோட்டுப் புத்தகமும்

மலைநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மழையை அளக்கும் குழாய் புதிய பொருளன்று. தோட்டக் காரியாலயத்துக்கு முன்னால், மரநிழல் விழாத புல்தரையில் அது நிற்கும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு, அதில் சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்து எழுதி வைப்பது காரியாலயத்தாரின் கடமை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்தக் கடமையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்தவர் என் தந்தையார்.

மழை பெய்யாத நாளிலும் அவர் போய்ப் பார்ப்பார். ஆனி, ஆடி மாதங்களில் ஊவாக் காற்று வறண்டு வீசித் தேயிலைக்கு மணம் ஏற்றும் காலத்தில், வாரக்கணக்காக 'இல்லை' என்றே எழுதுவார். "இல்லாததை ஏன் அப்பா எழுத வேண்டும்?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "இல்லை என்பதும் கணக்குத்தான். எழுதாமல் விட்டால், மழை பெய்யவில்லையா, நான் பார்க்கவில்லையா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கணக்குப் பிடித்த மனிதர்களில் சிலருக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் மண்ணெண்ணெய்க் கணக்குக்கும் இதே சட்டந்தான்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே வளைந்து வளைந்து ஓடிய அரசாங்க வீதிக்கு ஓவர்சியர் ஒருவர் இருந்தார். அவரிடமும் ஒரு புத்தகம் இருந்தது. எந்த மைல்கல்லருகே மதகு அடைத்தது, எந்த வளைவில் கல்லணை பிதுங்கியது, மண் அள்ள எத்தனை பேர் வந்தார்கள் என்பனவெல்லாம் அதில் இருக்கும். சிங்களவரான அவர் தோட்டத் தமிழை எங்களைவிடச் சுவையாகப் பேசுவார். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தேநீருடன் தொடங்கும் அவருடைய முறையீடு எப்போதும் ஒன்றுதான்.

"கிளாக்கரையா, உங்க மலைத் தண்ணியெல்லாம் என் ரோட்டுக்குத்தானே குளிக்க வருது!"

"நாங்க கான் வெட்டித்தான் விட்டிருக்கோம், ஓவர்சியர் ஐயா. நீங்க மதகு வாயைத் திறந்து வையுங்க!"

சிரிப்பு அடங்கியதும் இரண்டு புத்தகங்களும் பாயில் விரியும். இந்தத் தேதியில் இத்தனை அங்குலம் என்று தந்தையார் படிப்பார். மறுநாள் இந்த வளைவில் இன்னது நடந்தது என்று ஓவர்சியர் படிப்பார். அப்படி ஒப்பிட்டுத்தான், ஒரே நாளில் நான்கு அங்குலம் பெய்தாலும் தாங்குகிற ஒரு வளைவு, மூன்று நாட்கள் விடாமல் இரண்டிரண்டு அங்குலம் பெய்தால் தாங்காது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். முதல் நாள் நீரை மண் குடித்துவிடுகிறது. மூன்றாம் நாள் அதற்குக் குடிக்க இடமில்லை. அந்த மூன்றாம் நாள் காலையிலேயே ஓவர்சியர் தம் ஆட்களுடன் வளைவில் வந்து நிற்பார். மண்ணியல் படித்தவர்கள் இன்று கருவிகளால் நிறுவுகிற உண்மைதான் அது. திண்ணையில் அது மண்வெட்டியின் மொழியில் பேசப்பட்டது.

ஓவர்சியர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நல்லவர்தாம். ஆனால் தேநீருக்கு வருகிறவரல்லர். இரண்டு புத்தகங்களும் முன்போலவே ஒழுங்காக எழுதப்பட்டன. ஆனால் ஒன்றையொன்று காணவில்லை.

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் அது. மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் பிற்பகலில், வளைவுக்கு மேலேயிருந்த பெரிய கான் உடைந்து நீர் திசைமாறிப் பாய்வதைக் கொழுந்து எடுத்துத் திரும்பிய பெண்கள் வந்து சொன்னார்கள். தந்தையார் அதைக் குறித்துக்கொண்டார், துரைக்கும் அறிவித்தார். ஆனால் பதுளையிலிருந்து மாலை பஸ்ஸை அனுப்புகிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியவர் யார்? அப்படி ஒரு பொறுப்பு எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. பஸ் புறப்பட்டது. பள்ளிக்கூடம் போன என் தங்கையும் அதில் இருந்தாள். வளைவுக்கு முன்னால் மண் விழுந்து வழியை அடைக்க, பஸ் திரும்பவும் இடமின்றி இரவு முழுவதும் அங்கேயே நின்றது. விடியற்காலையில் பஸ்ஸுக்குப் பின்னால் சுமார் நூறு யார் தூரத்தில் மலைச்சரிவின் இன்னொரு பகுதி இறங்கியது. உயிருக்குச் சேதமில்லை. தங்கையை லாந்தரும் சாக்குமாகப் போய் அழைத்து வந்த அம்மா, அதன்பின் மழை நாட்களில் அவளைப் பள்ளிக்கு அனுப்பவே மறுத்தார். அந்தத் தவணையில் பாதி அவளுக்கு வீட்டிலேயே கழிந்தது.

பனி பெய்யும் நாடுகளில் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. வீதியில் பனி உறைந்து கண்ணாடியாவதற்கு முன் உப்புத் தூவ வேண்டும். உறைந்தபின் தூவினால் உப்பும் அதிகம், பலனும் குறைவு. ஆகவே பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் காற்றின் குளிரை மட்டுமன்றி வீதித் தளத்தின் குளிரையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகளை வீதியோரம் நாட்டியிருக்கிறார்கள். ஆனால் குளிரின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. எங்கே பாலம் இருக்கிறது, எங்கே வடிகால் அடைத்து நீர் தேங்குகிறது என்பது வீதியைப் பராமரிப்பவரின் ஏட்டில்தான் இருக்கும். அடியிலும் காற்று புகுவதால் பாலம் மற்ற வீதியைவிட முந்தி உறையும். இவ்விரண்டையும் சேர்த்து, எங்கே எப்போது எவ்வளவு தூவுவது என்று சொல்லும் முறையொன்றை அமெரிக்காவின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் உருவாக்கி, 2003இல் அயோவா மாநிலத்தில் சோதித்தது. தூவியவர்களின் கணக்கும் வீதியைப் பழுதுபார்ப்பவர்களுக்குத் தேவைப்படுகிறது; ஏனெனில் உப்பு பாலத்தின் இரும்பைத் தின்னும், உறைந்து உருகும் நீர் தார் வீதியைப் பிளக்கும். செய்தி இரு திசையிலும் ஓட வேண்டும். எங்கள் திண்ணைப் பாயில் ஓடியதும் அவ்வாறுதான்.

நமக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீளும் மழைதான். 1986 ஜனவரி மழையில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்த பிறகு, 1990இல் இவ்விரு மாவட்டங்களிலேயே மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை தொடங்கியது. அதைச் செய்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று மழையைத் தானே அளந்து தானே அறிவிக்கும் கருவிகளையும் நிறுவியிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு. 100 ஆனால் எச்சரிக்கை. 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், இடம்பெயர வேண்டும். மாணவ நேயர்கள் இதை அங்குலத்தில் மாற்றிப் பார்க்கலாம்: ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு. தந்தையார் சிவப்பு மையால் கோடிடத் தொடங்குவதும் மூன்று அங்குலத்தில்தான். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஓர் ஏக்கர் மலையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த நீரின் எடை சுமார் 400 தொன். அதைச் சுமக்கிற கான் ஒரு முழ அகலந்தான்.

அந்தக் கான் யாருடையது என்பதில்தான் நம் சிக்கலெல்லாம் கூடுகிறது. பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலை வரும் பெருவீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அதிலிருந்து பிரியும் வீதிகளில் சில மாகாணத்தினுடையவை, சில பிரதேச சபையினுடையவை. லயங்களுக்கு ஏறும் பாதையோ தோட்டக் கம்பனியினுடையது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் தடையாகவே இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ரயில் பாதைக்கு வேறொரு திணைக்களம். மழை நீர் மட்டும் இவர்கள் எவருடைய எல்லைக் கல்லையும் மதிப்பதில்லை. மேலே தோட்டத்தில் உடைந்த கான், நடுவே ரயில் பாதையை நனைத்து, கீழே அரசாங்க வீதியைத் தள்ளுகிறது.

அறிந்தும் பயனின்றிப் போனதற்குக் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க இயலாது. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடுகள் இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது; லயத்தில் உறங்கியவர்களை வேறு கூரையின் கீழ் உறங்கவைக்கும் அதிகாரமும் நிலமும் பணமும் வேறு வேறு கைகளில் இருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் பல இடங்களில் உயிர்கள் போயின. வீதிகளும் ரயில் பாதையும் அறுந்தன.

செய்ய முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை ஒட்டிய பதுலுசிரிகம சரிவில், ஜப்பானிய உதவியுடன் மண்ணின் நகர்வையும் நிலத்தடி நீரையும் அளந்து, அந்த அளவைக் கொண்டே நீரை வடிக்க வழி செய்தார்கள். அளந்தவரும் வேலை செய்தவரும் அங்கே ஒரே மேசையில் இருந்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஜப்பான் வர முடியாது. ஆனால் மேசை போட முடியும். தோட்டத்து மழைக் கணக்கும் வீதிக்காரரின் மதகுக் கணக்கும், கைத்தொலைபேசி இல்லாத வீடே அரிதாகிவிட்ட இக்காலத்தில், ஒரே ஏட்டில் விழுவதற்கு என்ன தடை? மூன்று அங்குலம் தாண்டியதும் அந்தச் செய்தி வீதிப் பொறியியலாளரிடம் மட்டுமன்றி, பஸ் டிப்போவுக்கும் பள்ளி அதிபருக்கும் லயத்துத் தலைவருக்கும் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற ஒருவரும் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். கருவியை வாங்குவது எளிது. இந்தக் கடைசி ஆளைத்தான் எவரும் நியமிப்பதில்லை.

புரட்டாசி மாதத்தில் தோட்டத்தார் கான் வெட்டுவார்கள். வீதிக்காரர் மதகு துப்புரவாக்குவார்கள். பெருமழைக்கு அப்போது சில வாரங்களே இருக்கும். கடந்த ஆண்டு எந்த மதகு மூன்று முறை அடைத்தது, அதற்கு மேலே எந்த மலையின் கான் வந்து விழுகிறது என்று இரு தரப்பாரும் உட்கார்ந்து பார்க்க ஒரு முற்பகல் போதும். தந்தையாரின் மழைப் புத்தகங்களில் 11 எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஓவர்சியரின் புத்தகம் என்னவாயிற்றோ. அவர் தம் கையால் எங்கள் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதிய வளைவு எண்கள் மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.