எந்தச் சக்கரம் சும்மா சுற்றும்?

டிராக்டரில் சேற்றுழவு ஓட்டியவருக்கு இந்த விஷயத்தில் பாதியைத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் மிதி உண்டு. இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுவார்கள். வயலில் இறங்கியதும் பிரித்துவிடுவார்கள். வரப்போரம் வண்டியைத் திருப்ப ஒரு பக்கப் பிரேக் போதும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் சுற்றினால், அந்தப் பக்கத்துப் பிரேக்கை அளவாக மிதிப்பார்கள். மறுபக்கத்துச் சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும். அதிலும் நகராவிட்டால் காலடியில் இன்னொரு சின்ன மிதி இருக்கிறது, டிஃப் லாக். அதை அமுக்கினால் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும்.

மலைப்பாதையில் ஃபோர் வீல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, டிராக்‌ஷன் கன்ட்ரோல் போதுமா, லாக்கர் வேணுமா?” என்பதுதான். இரண்டையும் டிராக்டர்க்காரர் காலாலேயே செய்துகொண்டிருக்கிறார். டிராக்‌ஷன் கன்ட்ரோலில் அந்த ஒற்றைப் பிரேக்கை நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் மிதிக்கிறது; லாக்கர் என்பது அந்த டிஃப் லாக்தான். அவ்வளவுதான்.

இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: பிடிப்பில்லாத சக்கரத்துக்கே பவர் முழுவதும் போய்விடுகிறது என்று. அப்படியில்லை. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்றவைக்க விசையே தேவையில்லை. மறுசக்கரம் நல்ல பாறைமேல் நின்றாலும் அதற்கும் அதே அளவுதான், அதாவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இப்போது தொங்கும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? அந்தப் பிரேக்கை எதிர்த்துச் சுற்ற எவ்வளவு விசை வேண்டுமோ, அவ்வளவும் பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைத்துவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலின் முழு வித்தையும் இதுதான். இதில் ஒரு செலவும் உண்டு. ஏற்றத்துக்கு வேண்டிய விசையைப் போல இன்னொரு பங்கை இன்ஜின் சேர்த்துத் தர வேண்டும். அந்தப் பங்கு பிரேக்கில் சூடாகிக் கரைந்துபோகும்.

பயிற்சிக்கு நாங்கள் மாற்றி மாற்றிக் குழி வெட்டி வைத்திருப்போம். இடது முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கும்போது வலது பின்சக்கரம் இன்னொரு குழியில் இறங்கும். வண்டி மற்ற இரண்டு சக்கரங்களில் நின்று மூலைவாட்டில் ஆடும். லோ கியரில் மெதுவாக வந்து அந்த இடத்தில் நிற்கும்போது தொங்குகிற சக்கரம் விர்ரென்று சுற்றத் தொடங்கும். உடனே அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஏபிஎஸ் பம்ப் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிற சத்தம் அது. மிதியில் கூட அதிர்வு தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இங்கேதான் காலை எடுத்துவிடுவார்கள். “அண்ணே, ஏதோ உடையிற மாதிரி இருக்கு” என்பார்கள். கால் எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டு குழிக்குள் உட்காரும். “தம்பி, சத்தம் வரட்டும், காலை அப்படியே வை” என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும். ஆக்சிலேட்டரைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நொடி பொறுத்தால் தொங்கும் சக்கரம் அடங்கும், மறுசக்கரம் கடிக்கும், வண்டி மேலே எழும்பும். பிரேக் கடிக்கிற சத்தத்தை நம்பிக் காலை நிறுத்தி வைப்பதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோலை வைத்து ஓட்டுகிற கலை.

அதே குழியில் பின் லாக்கரைப் போட்டுவிட்டு வந்தால் இந்த நாடகமே இல்லை. சக்கரம் தொங்கும், ஆனால் துணைச் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றாது. எந்தப் பக்கம் பிடிப்பு இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு விசை தானாகப் போகும். வண்டி ஐட்லிங்கிலேயே ஏறிவிடும். பாறையில் இது பெரிய வித்தியாசம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்ய முதலில் ஒரு சக்கரம் வழுக்கியாக வேண்டும். அந்த வழுக்கலிலேயே டயர் மண்ணைப் பறித்துப் பள்ளம் செய்துவிடும், அல்லது கூர்க்கல்லில் உரசிப் பக்கவாட்டில் கிழிந்துவிடும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடேறினால், சில வண்டிகள் பிரேக்கைக் காப்பாற்ற டிராக்‌ஷன் கன்ட்ரோலைக் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைக்கும்.

லாக்கர் பட்டனை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே பல்லும் பல்லும் நேராக வந்தால்தான் விழும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் வண்டியை ஓரடி நகர்த்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடவலமாகத் திருப்ப வேண்டும். விளக்கு நிலையாக எரிந்த பிறகே ஏற்றத்தில் கால் வைக்க வேண்டும். கழற்றும்போதும் அப்படித்தான். ஆக்சில் முறுக்கிக்கொண்டு நிற்கும், பட்டனை அணைத்தாலும் பூட்டு விடாது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து விடும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லாக்கர் போடுவதை நான் அனுமதிப்பதில்லை. பல் உடையும், இல்லையென்றால் ஆக்சில் ஷாஃப்ட் கட்டாகும்.

அப்படியென்றால் லாக்கர்தான் எல்லாவற்றிலும் மேலா என்று கேட்டால், மழைக்காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதையைக் காட்டுவேன். பாதை மட்டமாக இருக்காது, பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கும். செம்மண் ஊறி, மேலே ஒரு விரல் கனத்துக்கு வழவழவென்று குழம்பாகிக் கிடக்கும். இந்தச் சரிவில் பின் லாக்கர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் வழுக்கும். வழுக்குகிற டயருக்கு எந்தத் திசையிலும் பிடிப்பு இருக்காது. வண்டியின் பின்பாகம் மெல்லப் பள்ளத்தை நோக்கி இறங்கும். லாக்கர் இல்லாமல் இருந்தால் ஒரு சக்கரம்தான் சுற்றும். மற்றது சுற்றாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பாதையில் நிறுத்தும். முன்னேற்றம் குறைவாக இருக்கலாம், ஆனால் விழமாட்டோம். இதை நேரில் ஒருமுறை பார்த்த மாணவர்கள் லாக்கர் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சரிவைப் பார்க்கிறார்கள்.

தானாகவே பூட்டிக்கொள்ளும் லாக்கரில் எனக்கு முழு திருப்தி இல்லாததற்குக் காரணமும் இதுதான். 2020-இல் வந்த தார் வண்டியின் சில ரகங்களில் பின் ஆக்சிலில் அந்த மாதிரி மெக்கானிக்கல் லாக்கர் இருக்கிறது. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து, ‘டக்’கென்று பூட்டிவிடும். குழியிலும் பாறையிலும் அருமையான ஏற்பாடு. ஆனால் சாய்ந்த சேற்றில் அது பூட்டுவதும் சக்கரம் வழுக்குகிற அதே நொடியில்தான், அதாவது நமக்கு வேண்டாத நொடியில். அந்த வண்டியில் சரிவைக் கடக்கும்போது சக்கரம் வழுக்கவே விடாத அளவுக்குக் காலை மென்மையாக வைக்க வேண்டும். கூர்க்கா வண்டியில் முன்னும் பின்னும் லாக்கர், இரண்டுக்கும் லீவர். முடிவு ஓட்டுநர் கையில். 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியில் லாக்கரே கிடையாது, பிரேக் மூலம் செய்கிற வேலை மட்டும்தான். வண்டி எடை குறைவு என்பதால் அதை வைத்தே அது ஆச்சரியப்படும்படியான இடங்களில் ஏறுகிறது. 2024-இல் வந்த தார் ராக்ஸின் ஃபோர் வீல் ரகத்தில் பின் லாக்கருக்குச் சுவிட்ச் கொடுத்திருக்கிறார்கள். நல்ல திருத்தம் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரானிக்ஸை மட்டும் நம்புவது பற்றி லேண்ட் ரோவர்க்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 1998-இல் வந்த இரண்டாம் டிஸ்கவரியில் நான்கு சக்கரத்துக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் வசதியை ஓட்டுநருக்குத் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பக் கொடுத்தார்கள். அதன்பின் இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. சேர்ந்து செய்யும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இன்னும் நன்றாகவே செய்கிறது.

மணலில் லாக்கர், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டுக்குமே பெரிய வேலையில்லை. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிடிப்பு ஒரே மாதிரிதான் குறைவு. அங்கே டயர் காற்றை இறக்குவதுதான் முதல் காரியம். அடுத்தது, இன்ஜின் பவரைக் குறைக்கிற ஈஎஸ்பி-யை அணைப்பது. சக்கரம் வழுக்குவதைக் கண்டு அது பவரைக் குறைத்தால், வண்டி ஓட்டம் இழந்து புதைந்துவிடும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வாடகை ஜீப் ஓட்டும் அண்ணன்மார்களை உற்றுப் பாருங்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம், வழியெல்லாம் உருட்டுக்கல். பழைய மகிந்திரா ஜீப்புகள். அவற்றில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் எங்கிருந்து வரும்? ஸ்டியரிங்கை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போவார்கள். உயரமான கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விடமாட்டார்கள், சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றுவார்கள். பள்ளம் வந்தால் குறுக்காக இறங்காமல், இரண்டு முன்சக்கரமும் சேர்ந்தாற்போல் இறங்கும்படி கோணம் பார்ப்பார்கள். எந்தச் சக்கரம் அடுத்து எடை இழக்கும் என்பதை ஐந்தாறு அடி முன்னாலேயே கண்டுகொள்கிறார்கள். சக்கரம் தொங்கவே விடாதவருக்கு இரண்டு கருவியும் அரிதாகத்தான் தேவைப்படும். அதனால் என் பயிற்சியில் முதலில் லாக்கரைத் தொடவிடுவதில்லை. குழிக்கு முன்னால் இறக்கி நடக்கவைத்து, எந்தச் சக்கரம் லேசாகும் என்று கேட்பேன். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு லாக்கரை எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்று விளக்க அதிக நேரம் ஆவதில்லை.

பழைய ஜீப்பை வாங்கி மலைக்குத் தயார் செய்கிறவர்களிடம் நான் சொல்லும் வரிசை: முதலில் நல்ல டயர், பிறகு பின் ஆக்சிலுக்கு நாமே போட்டு எடுக்கிற லாக்கர். முன் லாக்கரை அவசரப்பட்டுப் போட வேண்டாம். அதைப் போட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், திருப்பிய நிலையில் மிதித்தால் முன் ஜாயின்ட் போய்விடும். பின் லாக்கர் போட்டவுடன் ஒரே சக்கரத்தின் ஷாஃப்டில் மொத்த விசையும் விழும் நேரங்கள் வரும். பழைய ஷாஃப்ட் அதற்குச் செய்யப்பட்டதல்ல. ஆகவே லாக்கருக்கு ஒதுக்கும் பணத்தோடு ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். கழற்றிய பழைய ஷாஃப்ட் நல்ல நிலையில் இருந்தால் எடைக்குப் போடாமல், அதை மாற்றத் தேவையான ஸ்பேனர்களோடு வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.