அரை மணி நேரம்

தாத்தா அடிப்பார். பெல்ட், விறகு, கையில் கிடைத்தது எதுவானாலும் சரி. அப்பா என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. கோபம் வந்தால் அவர் முகம் கறுத்துப்போகும். ஆணியில் தொங்கும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் அவருக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

போன மாதம் என் மகள் லேப்டாப் மேல் ஒரு டம்ளர் பாலைக் கவிழ்த்துவிட்டாள். நான் ஒன்றும் பேசாமல் துணி எடுத்துத் துடைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "உனக்கு எவ்ளோ பொறுமைடா! இதுக்கு உங்கப்பா எவ்ளோ பாடுபட்டாரு தெரியுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கை ஓங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஓங்காத கையை அடக்கியதற்கு என்ன பாராட்டு?

சில மாதங்களாக யூத ரபிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இந்தக் கேள்வி பழையது. வொலோஷின் ஊரைச் சேர்ந்த ரபி ஹாயிம் (1749–1821), இன்றைய பெலாரஸில் புகழ்பெற்ற ஒரு யெஷிவாவை, அதாவது வேதம் பயிலும் கல்லூரியைத் தொடங்கியவர். மிஷ்னாவில் 'அவோத்' என்று ஒரு பகுதி உண்டு; தந்தையர் என்று பொருள். 'நம் தந்தை ஆபிரகாம்' பத்துச் சோதனைகளில் தேறினார் என்று அதில் வருகிறது. இந்த இடத்தில் எதற்கு 'நம் தந்தை' என்று ஹாயிம் கேட்கிறார். ஒரு நல்லவர் பாடுபட்டு அடைந்த குணம் அவர் வழிவந்தவர்களுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது, அதைச் சொல்லத்தான் என்பது அவர் பதில். நிம்ரோதின் தீச்சூளையிலும் ஆபிரகாம் நம்பிக்கையை விடவில்லை என்பது மித்ராஷ் கதை. வேதம் படிக்காத எளிய யூதர்கள்கூடப் பிற்காலத்தில் நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தது அங்கிருந்து வந்த சொத்து என்கிறார் ஹாயிம்.

ஆபிரகாமின் தகப்பன் தேராகு சிலை விற்றவர் என்றும் மித்ராஷ் சொல்கிறது. அதாவது ஆபிரகாமுக்கு முன்னால் யாரும் பாதை போட்டுவைக்கவில்லை. அப்பாவுக்கும் அப்படித்தான்.

தால்முட்டில் நகசோன் கதை இருக்கிறது. செங்கடலின் முன்னால் எல்லோரும் தயங்கி நிற்க, அவன் இறங்கினான். தண்ணீர் கழுத்தை நெருக்கிய பிறகுதான் கடல் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் காய்ந்த தரையில் நடந்து போனார்கள். அம்மா பாராட்டிய நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அப்படியானால் எனக்கென்று செய்ய எதுவும் மிச்சமில்லையா?

இதற்கு ரபி எலியாகு டெஸ்லரிடம் (1892–1953) ஒரு பதில் கிடைத்தது. அவர் போர்முனையை உவமையாகச் சொல்கிறார். இரண்டு படைகள் மோதிக்கொள்ளும் கோடு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஏற்கெனவே பிடித்த ஊர்கள். அங்கே சண்டை இல்லை. எதிரியின் வசம் உள்ள தூரத்து ஊர்களிலும் இன்றைக்குச் சண்டை இல்லை. மனிதன் உண்மையில் தேர்வு செய்வது அந்தக் கோட்டில் மட்டும்தான். நல்ல வீட்டில் வளர்ந்தவனுக்குத் திருடலாமா என்பது ஒரு கேள்வியே இல்லை. திருடர்களிடையே வளர்ந்தவனுக்கோ, மாட்டிக்கொள்ளும்போது கொலை செய்யாமலிருப்பதே பெரிய போராட்டமாக இருக்கலாம். வளர்ப்பு அந்தக் கோட்டை வேறு இடத்தில் வைக்கிறது. ஆனால் கோடு இல்லாத மனிதன் கிடையாது.

சரி, என் கோடு எங்கே?

அன்றைக்கு நடந்ததில் மீதியை நான் இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். மனைவியிடம் ஒருமுறை பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்று லேப்டாப்பைத் துடைத்தபின் மகளிடமும் பேசவில்லை. அம்மாவுக்கு அது பொறுமையாகத் தெரிந்தது. மகளுக்கு அப்படித் தெரியவில்லை. ராத்திரி கதவோரம் நின்று, "அப்பா, நான் ஸாரி சொல்லிட்டேன்ல?" என்றாள்.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் கிணறுகள் வருகின்றன. ஆபிரகாமின் காலத்தில் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு மறுபடி தோண்டி, தகப்பன் வைத்த பெயர்களையே வைத்தான். ஆக, பிதுரார்ஜிதம்கூடத் தூர்ந்துபோகும். தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் என்னை நிறுத்தியது அடுத்து வரும் வரிகள். ஈசாக்கின் ஆட்கள் புதுக் கிணறு வெட்டியபோது மேய்ப்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். இன்னொன்று வெட்டினார்கள், அதற்கும் சண்டை. மூன்றாவதுக்குத்தான் யாரும் வரவில்லை. தகப்பனின் பழைய கிணறுகளுக்காகச் சண்டை நடந்ததாக அங்கே எதுவும் சொல்லப்படவில்லை.

அப்பா எனக்குச் சண்டையே இல்லாத வாழ்க்கையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தன் சண்டையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்ததை நான்தான் தொடங்க வேண்டும். எனக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அதைச் செய்ததில்லை. அப்பாவும் வாய் திறந்தவரில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தொண்டையில் ஏதோ அடைத்தது. முதல் வார்த்தை வருவதற்கு வெகுநேரம் ஆனது. "அப்பாவுக்குக் கோவம் வந்துச்சு பாப்பா. ஆனா உன்கிட்ட பேசாம இருந்தது என் தப்பு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. டீக்கடையில் அப்பாவின் அரை மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.