எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

பவுண்டரியில் ஒரு வார்ப்பு கெட்டுப்போக ஆயிரம் வழி உண்டு. மணலில் ஈரம் கூடலாம். வார்ப்பின் உட்குழிவுக்காக வைக்கும் மணல் கோர் சரியாகக் காயாமல் இருக்கலாம். அச்சின் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் சற்றே விலகி உட்காரலாம். லேடிலில் எடுத்த இரும்பு ஊற்றி முடிப்பதற்குள் ஆறிப்போகலாம். கோவையில் பம்ப் கேசிங் வார்க்கும் பட்டறைகளின் தரப் பிரிவில் இருக்கும் என் போன்றவர்கள் நாளெல்லாம் இவற்றோடுதான் மல்லுக்கட்டுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய ஆளும் நேரமும் பணமும் எந்தப் பட்டறையிலும் கிடையாது. எதை முதலில் எடுப்பது என்று யாராவது முடிவுசெய்துதான் ஆக வேண்டும். பெரும்பாலும் அதைக் கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவரின் குரலோ, நேற்று போனில் திட்டிய வாடிக்கையாளரின் கோபமோ முடிவுசெய்துவிடுகிறது. பரேட்டோ வரைபடத்தை நான் இத்தனை மதிப்பதற்கு அதுதான் காரணம். அந்த வரைபடம் முடிவைக் குரலிடமிருந்து வாங்கிக் கணக்கிடம் கொடுக்கிறது.

வரைவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குறைகளை வகை பிரித்து எண்ண வேண்டும். அதிகமானதிலிருந்து குறைவானது வரை இடமிருந்து வலமாகப் பட்டைகளாக நிறுத்த வேண்டும். மேலே கூட்டுச் சதவீதக் கோடு ஒன்றை இழுக்க வேண்டும். கணினி அதை நொடியில் செய்துவிடும்.

இதற்குப் பெயர் கொடுத்த வில்பிரெடோ பரேட்டோ இத்தாலியப் பொருளியலாளர். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் ஆராய்ந்தது நாட்டு மக்களிடையே வருமானமும் செல்வமும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதை. தொழிற்சாலைக் குறைகளைப் பற்றி அவர் எழுதவில்லை. சில காரணங்களே பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன என்பதைத் தரத்துறையின் விதியாக்கியவர் ஜோசப் ஜூரான். அந்தக் கூட்டுக் கோடும் உண்மையில் லோரென்ஸ் என்பவருடைய வளைகோட்டின் வழி வந்தது. பரேட்டோவின் பெயரைச் சூட்டியது சரியல்ல என்று ஜூரானே 1975இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். மிச்சமிருக்கும் சிறு காரணங்களை முதலில் அற்பமானவை என்று சொன்னவர், பிறகு அவையும் பயனுள்ளவையே என்று மாற்றிக்கொண்டார். எண்பது சதவீதச் சேதம் இருபது சதவீதக் காரணங்களால் வருகிறது என்பதைச் சட்டம் போலப் பிடித்துக்கொண்டு பட்டைகளை அதற்குள் திணிக்கப் பார்க்கிறவர்கள், ஜூரானே தன் சொல்லை இப்படித் திருத்திக்கொண்டதை நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையான வேலை வரைவதற்கு முன்னால், ரிஜெக்ஷன் குவியலுக்குப் பக்கத்தில் நடக்கிறது. செக் ஷீட்டில் 'ஓட்டை' என்று ஒரே ஒரு கட்டம் மட்டும் வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பரேட்டோ வரைந்தால் ஓட்டைதான் மலைபோல முதலில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வார்ப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டையின் உட்சுவர் வழவழவென்று இருந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது. உட்புறம் சொரசொரப்பாக, இரும்பு கிளைகிளையாக உறைந்து தெரிந்தால் அது சுருக்கம். உறையும்போது அந்த இடத்துக்குக் குழம்பு போதவில்லை. உள்ளே மணல் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அச்சோ கோரோ உதிர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு மணலைப் பார்க்க வேண்டும், ஒன்றுக்குக் குழம்பு ஊட்டும் ரைசரைப் பார்க்க வேண்டும், ஒன்றுக்குப் பெட்டி மூடும் கையைப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே பட்டையில் அடைத்த வரைபடம் பார்வைக்கு எத்தனை அழகாக இருந்தாலும் யாருக்கும் வேலை சொல்லாது.

அடுத்தது, எதை எண்ணுவது என்பது. ஒரு கணக்குக்கு 200 கேசிங் கழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மணல் 90, காற்றுத்துளை 50, பெட்டி விலகல் 30, சுருக்கம் 18, இதர குறைகள் 12. எண்ணிக்கைப்படி மணல்தான் முதல் எதிரி. ஆனால் மணல் குறையும் பெட்டி விலகலும் வார்ப்பைச் சுத்தம் செய்யும் பெட்லிங்கிலேயே கண்ணில் பட்டுவிடுகின்றன. நட்டம் உருக்கிய செலவோடு போகிறது. இரும்பு மறுபடி பர்னஸுக்குப் போகும். காற்றுத்துளை மெஷினிங்கில் தோல் சீவிய பிறகுதான் வெளியே வருகிறது. சுருக்கம் அதற்கும் பிறகு, பிரஷர் டெஸ்டில் தண்ணீர் கசியும்போது தெரிகிறது. அதற்குள் மெஷின் நேரம், டூல், கூலி எல்லாம் அதன்மேல் ஏறிவிட்டன. காற்றுத்துளைக்கு 300 ரூபாய், சுருக்கத்துக்கு 400, மற்றவற்றுக்கு 100 என்று நட்டம் போட்டால், காற்றுத்துளை 15,000 ரூபாயோடு முதலிடம் வருகிறது. மணல் 9,000த்தோடு இரண்டாவது. நாலாவதாகக் கிடந்த சுருக்கம் 7,200 ரூபாயோடு பெட்டி விலகலைத் தாண்டி மூன்றாவது. குவியல் அதேதான், வரிசை வேறு. எண்ணிக்கையில் ஒன்று, பணத்தில் ஒன்று என்று இரண்டு வரைபடமும் மேஜையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் பட்டை கிடைத்ததும் வேலை முடிந்ததாக எண்ணுவதும் தவறு. அதை மறுபடி உடைக்க வேண்டும். காற்றுத்துளை என்றால் எந்த பேட்டர்னில், எந்த ஷிப்டில், வார்ப்பின் எந்தப் பக்கத்தில்? கோரை ஒட்டியே திரும்பத் திரும்ப வந்தால் கோர் காயவில்லை, அல்லது அதன் காற்றுவழி அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மேனி முழுக்கச் சிதறி வந்தால் மணலின் ஈரத்தைச் சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில், கொட்டகைக்கு வெளியே குவித்த மணலை அள்ளிப்போடும் பட்டறையில் இதைச் சொல்லவே வேண்டாம். நாலு விதமாக உடைத்துப் பார்த்தும் பட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால், பரேட்டோ பொய்யாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிரித்த விதம் இன்னும் சரியாகவில்லை, அல்லது எல்லா வகையையும் தொடும் பொதுக் காரணம் ஒன்று அடியில் இருக்கிறது. 'இதர' என்ற பட்டையை எப்போதும் வலக்கடைசியில் வைப்பது வழக்கம். அது மூன்றாவது பட்டையைவிட உயர்ந்து நின்றால் நான் அந்தத் தாளை ஏற்பதில்லை.

பட்டறையில் அதிகம் ஓடும் கேசிங்கிலேயே அதிக ரிஜெக்ஷன் வருவது இயல்பு. பொருள்வாரியாக ஒப்பிடும்போது, வார்த்ததில் எத்தனை சதவீதம் கழிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதாவிட்டால் நன்றாக ஓடும் பேட்டர்ன்மேல் வீண்பழி விழும். திருத்தம் செய்த பிறகு வரையும் படத்தை முதல் படத்தின் அதே அளவுகோலில்தான் போட வேண்டும். சதவீதம் மட்டும் பார்த்தால் எப்போதும் நூறுதான் வரும்; காற்றுத்துளை இறங்கியதும் மணல் ஏறிவிட்டது போலத் தெரியும். "இங்க அடைச்சா அங்க கிளம்புது" என்று நிர்வாகம் அலுத்துக்கொள்வது அதனால்தான். பார்க்க வேண்டியது மொத்த உயரம் இறங்கியதா என்பதை.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் நிற்க வைக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்தான குறை, உதாரணமாக பிரேக் உறுப்பில் வரும் விரிசல், வருடத்துக்கு ஒன்று வந்தாலும் அன்றே பார்க்க வேண்டியது. அதன் பட்டை குட்டையாக இருக்கிறது என்பது காத்திருக்க வைக்கக் காரணமாகாது.

1998இல் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. ஜப்பானியத் தர முறைகளைத் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் அந்தத் தரத்துக்குச் செய்துகாட்ட முடியும் என்பதற்கு அது சான்று. சிறு பட்டறைகளில் இன்னும் கைகூடாதது முறையல்ல, நம்பிக்கை. வார்ப்பில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் மோல்டிங் ஆள் சொல்வார்: "மணல் இல்லீங்க சார், கசடு. பர்னஸ்காரங்க சரியா வழிக்கறதில்லீங்க." பர்னஸ் ஆள் சொல்வார்: "இது சுத்தமா மணலுங்க, பெட்டி ஊதாம மூடிட்டாங்க." முதல் பட்டை யாருடையதோ அவருக்கு மெமோ என்று ஆகிவிட்ட பட்டறையில் இந்த வழக்கு ஓயாது. கொஞ்ச நாளில் செக் ஷீட்டில் 'இதர' வளரும். அல்லது ஷிப்ட் முடியும் நேரத்தில் கெட்ட வார்ப்பு எண்ணப்படாமலே பர்னஸுக்குப் போய்விடும். பொய்க் கணக்கின்மேல் வரைந்த படம், உரத்த குரலைவிட அதிகக் கெடுதல் செய்யும். ஏனென்றால் அதை எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

பட்டறை முதலாளிகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். குறைகளின் பட்டியலைத் துறைப் பெயரால் பிரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் பிரியுங்கள். ஒவ்வொரு வகைக்கும் அறுத்த மாதிரி ஒன்றைச் சோதனை மேஜையில் வையுங்கள். செக் ஷீட்டில் கோடு போடும் ஆளிடம், ஏன் இத்தனை கோடு என்று ஒருநாளும் கேட்காதீர்கள்.