சேமிக்கப்பட்டது என்னும் சொல்

‘சேமிக்கப்பட்டது’ என்று கணினி அறிவிக்கும் கணத்தில் எழுத்து எங்கே இருக்கிறது? ஓலையில் எழுதியவருக்கு இக்கேள்வி எழ வாய்ப்பில்லை. எழுத்தாணி கீறிய இடமே எழுத்தின் இருப்பிடம். கணினியில் அவ்வாறன்று என்பதை, எங்கள் துறையின் மின்னூலகத்திற்கு வழங்கி ஒன்றை நிறுவியபோது அறிந்தோம்.

பழைய சிற்றிதழ்களின் ஒளிவருடிய பக்கங்கள், அவற்றைத் தட்டச்சு செய்த பிரதிகள், தேடலுக்கான சொல்லடைவு ஆகிய மூன்றுக்கும் மூன்று மெய்நிகர் கணினிகள். மூன்றும் குடியிருப்பது ஒரே இயந்திரத்தில். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வன்தட்டு உண்டென்று நம்புகிறது. உண்மையில் அது, தாங்கும் இயந்திரத்தில் உள்ள ஒரு பெரிய கோப்பு. உள்ளே எழுதப்படும் வரி, மெய்நிகர் கணினியின் நினைவகம், தாங்கும் இயந்திரத்தின் நினைவகம், வட்டின் சொந்த நினைவகம் எனப் பல திண்ணைகளில் இளைப்பாறிய பின்னரே வட்டினுள் நுழைகிறது.

இத்திண்ணைகளுக்குக் ‘கேச்’ என்று பெயர். ஒளித்துவைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘பதுக்ககம்’ எனப் பெயர்த்தால் நமக்கு அரிசி மூட்டைகள் நினைவுக்கு வந்துவிடும். 1965இல் இக்கருத்தை எழுதிய மாரிஸ் வில்க்ஸ், ‘அடிமை நினைவகம்’ என்றே குறிப்பிட்டார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையின் 85ஆம் மாதிரி அதை வணிகக் கணினிக்குள் கொண்டுவந்தது. தேவை எளிதில் விளங்கக்கூடியது: நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, ஒருமுறை சுற்றி வர 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் நினைவகம் பல்லாயிரம் முறை விடையளித்துவிடும்.

படிப்பதில் சிக்கலில்லை. அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களின் நகலை எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம். அது அழிந்தாலும் மூலம் வன்தட்டில் உண்டு. சிக்கல் எழுதுவதில். ‘ரைட்-த்ரூ’ முறையில், எழுத்து வட்டைச் சேர்ந்த பிறகே ‘ஆயிற்று’ என்ற விடை வரும். ‘ரைட்-பேக்’ முறையில், திண்ணையில் அமர்ந்ததுமே விடை வந்துவிடும். ‘இதை உடனே வட்டில் சேர்’ என்று உள்ளிருந்து தனியே ஆணை வந்தால் மட்டும் அதற்குக் காத்திருக்கும். கியூஎமு மென்பொருளில் ‘அன்சேஃப்’ என்றொரு முறையும் உண்டு. அது அந்த ஆணையையும் பொருட்படுத்தாது. வேகமோ மிகுதி.

மூன்றுக்கும் வேகமான முறையையே கணினித்துறை நண்பர் பரிந்துரைத்தார். எங்களுக்குத் தயக்கம். பிரதிகளைத் தட்டச்சு செய்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். எழுபதைக் கடந்தவர், கண்புரை உள்ளவர். தொட்டால் உதிரும் தாள்களிலிருந்து, ஒளிவருடலில் தெளியாத எழுத்துகளை உருப்பெருக்கி வைத்துப் படித்து அடிக்கிறார். ஒரு பக்கம் தொலைந்தால் அத்தாளும் அக்கண்களும் மறுமுறைக்கு இடங்கொடுக்குமா?

இரண்டு நாள் விவாதித்தோம். சொல்லடைவைப் பிரதிகளிலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால் அதற்கு மட்டும் ‘அன்சேஃப்’. மற்ற இரண்டுக்கும் ‘ரைட்-த்ரூ’. இனிச் சேமிக்கும்போது சற்றுத் தாமதமாகும் என்று ஆசிரியரிடம் சொன்னோம். “அதற்கென்ன, அந்நேரத்தில் அடுத்த வரியைப் படித்து வைத்துக்கொள்கிறேன்” என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை மின்சாரம் போயிற்று, யூபிஎஸ்ஸும் கைவிட்டது. இயந்திரம் மீண்டெழுந்தபோது சொல்லடைவு சிதைந்து கிடந்தது. அதை மறுபடி உருவாக்க ஓர் இரவு பிடித்தது. ஆசிரியர் கடைசியாகச் சேமித்த வரி வரைக்கும் அப்படியே இருந்தது.

‘ஸ்னாப்ஷாட்’ பற்றியும் ஒரு சொல். ஒரு கணத்தின் நிலையை அது குறித்து வைக்கிறது. தவறாக அழித்ததை மீட்க உதவும். ஆனால் அது பெரும்பாலும் அதே வட்டில்தான் வாழ்கிறது; வட்டு பழுதானால் இரண்டும் போகும். சுவடிக்கு அடையாளக் கயிறு கட்டுவது வேறு, படியெடுத்து வேறு ஊருக்கு அனுப்புவது வேறு. எனவே இரவுதோறும் மற்றொரு கட்டடத்தில் உள்ள கணினிக்கு ஒரு படி செல்கிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து சரிபார்க்கிறோம்.

மின்னூலகம் அமைக்க எண்ணும் நண்பர்கள், எவையெவை தொலைந்தால் மீண்டும் உருவாக்க இயலாது என்ற பட்டியலை முதலில் எழுதிக்கொண்டு, அதன்பின் பொறியாளரை அழைப்பது நலம்.