எழுபத்தேழுக்கு முன்னால் ஒரு ஒன்று

எங்க வீட்டு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் தாத்தாவோட ஸ்டாம்ப் ஆல்பம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஸ்டாம்ப்தான். விக்டோரியா மகாராணி தலை, சிவப்பு நிறம், விலை ஒரு பென்னி. பேரு பென்னி ரெட். "ஒரே ஸ்டாம்பை எதுக்கு தாத்தா இத்தனை வெச்சிருக்கீங்க?"ன்னு சின்ன வயசில் கேட்டேன். "எங்கடா ஒரே ஸ்டாம்பு? நல்லா பாரு"ன்னு லென்ஸைக் கையில் கொடுத்தார்.

அன்னைக்குத்தான் மூலையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன். அப்போ ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அதனால் ஒரு ஷீட்டில் 240 ஸ்டாம்ப், 20 வரிசை, வரிசைக்கு 12. ஒரு எழுத்து எந்த வரிசைன்னு சொல்லும், இன்னொண்ணு அதில் எத்தனையாவதுன்னு சொல்லும். நம்ம மேட்ரிக்ஸ் இண்டெக்ஸ் மாதிரியேதான்.

அடுத்தது ஓரத்து ஓட்டைகள். 1841-ல் வந்த முதல் பென்னி ரெட்டில் ஓட்டையே கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டணும். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் 1847-ல் துளை போடும் யோசனையை அஞ்சல் துறையிடம் கொண்டுபோனார். 1854-ல் துளையிட்ட ஸ்டாம்ப் வந்தது, 2 செ.மீ.க்கு 16 துளை. நெருக்கம் அதிகமானதால் ஷீட்டைக் கையில் எடுக்கும்போதே பிய்ந்தது. மறு வருஷமே 14 ஆக்கிட்டாங்க. நாம கிழிச்சா கிழியணும், தானா கிழியக் கூடாது. ஒரு முழு டிசைன் பாடமே இந்த ரெண்டு துளைக்குள்ள இருக்கு.

1864 முதல் ஸ்டாம்போட ரெண்டு பக்கமும், பூவேலைக்குள்ள, பிளேட் நம்பரும் பொடியாக இருக்கும். 71-ல் ஆரம்பித்து 225 வரை. நடுவில் 77-ஆம் பிளேட் சரியாக அமையாததால் ஒதுக்கிட்டாங்க. ஆனாலும் சில ஸ்டாம்ப் வெளியே போயிடுச்சு. இன்னைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கு, விலை லட்சக்கணக்கான பவுண்டு.

தாத்தாகிட்ட ஒரு 77 இருந்தது. மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடி அங்கே ஒரு கட்டோடு வாங்கியது. பயத்தில் யாருக்குமே காட்டினதில்லை. அப்பா எனக்காக எஜுகேஷன் லோன் வாங்கினப்போகூட, "கவலைப்படாதே, 77 இருக்கு"ன்னு சொன்னார்.

போன செமஸ்டர் இமேஜ் ப்ராசஸிங் மினி ப்ராஜெக்டுக்கு அந்த ஸ்டாம்பை ஸ்கேன் செய்தேன். ரெட் சேனலில் சிவப்பு மை கிட்டத்தட்ட மறைஞ்சிடும், கறுப்பு முத்திரை மட்டும் நிற்கும். கிரீன் சேனலில் ரெண்டுமே தெரியும். ஒண்ணிலிருந்து இன்னொண்ணைக் கழித்தேன். முத்திரை மை மெலிசா இருந்த இடத்தில், 77-க்கு முன்னால் ஒரு கோடு. 177.

மூணு நாள் சொல்லலை. வீட்டுக்கு போன் பண்ணவே கஷ்டமா இருந்தது. நாலாவது நாள் ஊருக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். தாத்தா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணும் பேசலை. ராத்திரி சாப்பாடும் சரியா சாப்பிடலை.

காலையில் ஆல்பத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கங்களைப் புரட்டி, ஒரு காலிக் கட்டத்தைக் காட்டினார். "இந்த 177-ஐ முப்பது வருஷமா தேடிட்டிருக்கேன்டா. எடுத்து ஒட்டு."

ஒட்டினேன். 77-க்கான கட்டம் இப்போ காலி. லோன் அப்படியேதான் இருக்கு. வேலை கிடைச்சதும் நான்தான் கட்டணும்.