சொன்ன வோல்ட் வருதா பாஸ்?

உங்க காலேஜ் லேப்ல டிஜிட்டல் பவர் சப்ளை இருக்கும். பட்டனைத் தட்டினா 4.20னு பளிச்னு காட்டும். அது நிஜமாவே 4.20தானான்னு ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கீங்களா?

எங்க ஊர்ல சந்தேகப்படுறதுதான் தொழிலே! நான் வேதாரண்யம். 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து உப்பு அள்ளினாரே, அந்த ஊர்தான். அப்பாவுக்கு உப்பளத்துல வேலை. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. வெயில்ல காய்ஞ்சு 25 டிகிரியைத் தொட்டாத்தான் உப்பு இறங்கும். 30ஐத் தாண்ட விட்டா மெக்னீசியமும் சேர்ந்து உப்பு கசக்கும். பார்வைக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான். அதனால கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு டிகிரி பார்த்துட்டுத்தான் அப்பா மடையைத் திறப்பார்.

நான் இப்போ சென்னையில செய்யறதும் கிட்டத்தட்ட அதேதான். என்ன, உப்புத் தண்ணிக்குப் பதிலா பவர் சப்ளை. முதல்ல ஆன் பண்ணி அரை மணி நேரம் விடணும். சூடு நிலைச்சாத்தான் ரீடிங் நிலைக்கும். அப்புறம் நல்ல மல்டிமீட்டரை மாட்டி, திருத்தறதுக்கு முன்னாடியே ரீடிங் எழுதிக்கணும். இத்தனை நாள் எவ்வளவு தப்பா ஓடிச்சுன்னு அதுலதான் தெரியும். பிறகு கேலிபரேஷன் மோடு. கீழே ஒரு வோல்ட், மேலே ஒரு வோல்ட். மீட்டர் காட்டுறதை கீபேட்ல அடிச்சா, மெஷினே கணக்குப் போட்டு மெமரியில வெச்சுக்கும். கடைசியா நடுவுல ஒரு வோல்ட் வெச்சு சரிபார்க்கணும். கரண்டுக்கு 0.01 ஓம் ஷண்ட். 3 ஆம்பியர் போனா 30 மில்லிவோல்ட் வரணும்.

நான் முதல்ல சேர்ந்த சின்னக் கம்பெனியில இதெல்லாம் கிடையாது. 'போன வருஷ ரீடிங்கையே காப்பி அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டு தம்பி, வண்டி நிக்குது'ன்னாங்க. நான் ஒட்டலை. மாட்டிப் பார்த்தா, 4.20னு காட்டிக்கிட்டே 4.33 கொடுக்குது! 0.13 தானேன்னு தோணும். ஆனா சாதாரண லித்தியம் செல்லுக்கு 4.2தான் எல்லை. அதுக்கு மேல ஏத்திக்கிட்டே இருந்தா செல் வீங்கும், தீயே பிடிக்கலாம். அந்த சப்ளை போகவேண்டிய இடம் ஒரு பேட்டரி டெஸ்ட் லேப். அங்கே உட்கார்ந்திருக்கப் போறது நம்ம வயசுப் பசங்கதான். எனக்கு அன்னிக்கு செம திட்டு. ஆனா சப்ளை திருத்தின பிறகுதான் வண்டி ஏறுச்சு.

சரி, என் மல்டிமீட்டரை எப்படி நம்புறது? அதைவிடத் துல்லியமான லேப் அதைச் சோதிக்கும். இப்படிப் படிப்படியா டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம் வரைக்கும் போகும். அங்கே கடுங்குளிர்ல வெச்ச சூப்பர்கண்டக்டர்ல மைக்ரோவேவ் பாய்ச்சி வோல்ட்டை உண்டாக்குறாங்க. பேரு ஜோசப்சன் எஃபெக்ட். 2019 மே 20லேர்ந்து உலகம் முழுக்க வோல்ட்டுக்கு ஆதாரம் மாறாத இயற்கை எண்கள்தான். அங்கே ஆரம்பிக்கிற நம்பிக்கைச் சங்கிலி, ஒருத்தர் பொய் ஸ்டிக்கர் ஒட்டினா போதும், அறுந்துடும்.

நீங்க செய்ய வேண்டியது மூணே விஷயம். சர்க்யூட்டை மாட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் லிமிட் வைங்க. வயரையும் கணக்குல எடுங்க, 0.1 ஓம் வயர்ல 2 ஆம்பியர் போனா 0.2 வோல்ட் அங்கேயே காலி. அதுக்குத்தான் சென்ஸ் முனைகள் இருக்கு. மூணாவது, ஸ்டிக்கர்ல தேதியைப் பாருங்க. முடிஞ்சிருந்தா கூச்சப்படாம லேப் சார்கிட்ட கேளுங்க. ஒரு மல்டிமீட்டரை மாட்டிப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்!