இங்கேதானே இருக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன்பு, எம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் திருநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பினர். ஒரு சிறு குப்பியில் யோர்தான் ஆற்று நீரும், ஒலிவ மரத்தில் செய்த செபமாலை ஒன்றும் எனக்கென்று கொண்டுவந்திருந்தனர். கலிலேயாக் கடலின் விடியற்காலையைக் குடும்பத் தலைவர் வருணித்தபோது அவருடைய கண்கள் கலங்கின. நானும் நெகிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சின் இடையே, “மணப்பாட்டில் புனித சவேரியார் தங்கிய குகையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவர் சற்றே கூச்சத்துடன் சிரித்தார்.

“இல்லீங்க சாமி. அது இங்கதானே இருக்கு. எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்லா.”

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றவன் நான். நிசேயா சங்கம் கூடிய ஆண்டையும் திரிதெந்தின் சங்கம் நிறைவுற்ற ஆண்டையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால், தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கொற்கையை ஐம்பது வயதைக் கடக்கும்வரை நான் பார்த்ததில்லை. அதுவும் இங்கேதானே இருந்தது!

அந்த உறுத்தலின் பயனாக ஒரு பயணம் அமைந்தது. உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகிவந்த சிறுவர் சிறுமியர் இருபது பேரையும், மறைக்கல்வி ஆசிரியர் இருவரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டேன். எண்பது வயதை எட்டிய மீனவப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டேன். 1961ஆம் ஆண்டு நம் கடலில் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில், மீசை அரும்பும் வயதில் கடலுக்குள் இறங்கியவர் அவர்.

முதலில் சென்றது கொற்கை. ஏரலுக்கு அருகே, நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர். ஊருக்குள் ஒரு குளம். குளக்கரை அருகே ஒரு வன்னிமரம். ஈராயிரம் ஆண்டு வயது அதற்கென்று ஊரார் சொல்கின்றனர். அடிமரம் முறுக்கிக்கொண்டு தரையோடு படுத்தும் எழுந்தும் கிடக்கிறது. பாண்டியரின் துறைமுகத்தைக் காணவந்த சிறுவர் சுற்றுமுற்றும் பார்த்தனர். “தாத்தா, கடல் எங்கே?” என்று ஒருவன் கேட்டான்.

நியாயமான கேள்வி. கடல் இன்று அங்கிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. கடல் தானாக விலகிப்போகவில்லை. தாமிரபரணி ஆறு ஆண்டுதோறும் சுமந்துவந்த வண்டல், கழிமுகத்தை மேடாக்கி நிலத்தைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போனது. கொற்கை தூர்ந்தபோது துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. காயல் தூர்ந்து ‘பழையகாயல்’ ஆனபோது புன்னைக்காயல் எழுந்தது. பின்னர் தூத்துக்குடி தலையெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்களில் அலைந்து திரிந்து, நிலத்தைத் தோண்டி ஆராய்ந்து இந்த உண்மையை விளக்கியவர்களுள் முதன்மையானவர், சகோதர சபையைச் சேர்ந்த ஆயர் கால்டுவெல். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டின் காலக் கணிப்பு கி.மு. எட்டாம் நூற்றாண்டுவரை செல்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் கையேடு ஒன்று, கொற்கையை ‘கொல்கி’ என்று குறிப்பிடுகிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அது கூறுகிறது. இதை நான் சொன்னதும் சிறுவர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தனர். அவர் வன்னிமரத்து நிழலில் அமர்ந்துகொண்டார்.

“கைதியோ, குடும்பக்காரனோ, கீழே போறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார். “கால்ல கல்லைக் கட்டி ஏழெட்டுப் பாகம் இறங்குவோம். ரெண்டு மூணு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ற நேரம்தான். அதுக்குள்ள சிப்பியை அள்ளிக் கூடையில போட்டுட்டுக் கயித்த ஆட்டணும். மேல இருக்கிறவன் தூக்கிருவான். அந்தக் கயித்தப் பிடிக்கிறவன் யாரு தெரியுமா? பொண்டாட்டிகூடப் பொறந்தவன். மச்சான்தான் பிடிக்கணும். கயித்த விட்டா தங்கச்சி தாலி போயிரும்னு அவனுக்குத் தெரியும்லா! கயிறு பிடிக்கிறவன் கண்ணை எடுக்கவே மாட்டான்.”

விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்டு, தமக்கிருந்த யாவற்றையும் விற்று அதை வாங்கிக்கொண்ட வணிகரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். அதன்மேல் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். அந்த முத்தை ஆழத்திலிருந்து எடுத்துவந்தவர் யார் என்று ஒருமுறைகூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. மேலே இருந்து கயிறு பிடித்தவர் இருந்தார் என்பதும் அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

பழையகாயலில் வெகுநேரம் நிற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வந்து வியந்த பெருநகர் அது. ஓர்மூசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. இன்று அப்பகுதியெங்கும் உப்பளங்கள் வெயிலில் மின்னுகின்றன. பாண்டியர் குதிரைகள் இறங்கிய இடம் எதுவென்று காட்ட ஒரு கல்கூட நம் கண்ணில் படவில்லை.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை நண்பகலுக்குள் அடைந்தோம். தமிழ் அச்சின் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வூர் ஒரு திருத்தலம் போன்றது. போர்த்துக்கல்லிலிருந்து வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கடற்கரையில் உழைத்து, 1600ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். இவ்வூரே அவருடைய பணியின் மையம். நம் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்தச் சிறு நூல்தான் இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். 1586இல் புனிதர்களின் வரலாற்றை நூலாக்கித் தந்தார். சிறுவர் கையிலிருந்த மறைக்கல்வி நூலைக் காட்டி, “இதன் மூதாதை இந்த ஊர்க்காரர்” என்றேன். அவர்கள் நூலின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர்.

பிற்பகலில் திருச்செந்தூர் கடந்து மணப்பாடு சேர்ந்தோம். கடலுக்குள் மூக்கு நீட்டி நிற்கும் மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவைக் கோவில், அதன் கீழே அலைகள் மோதும் பாறைகள். புயலில் தப்பிவந்த போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தால் செய்த சிலுவை 1540இல் இங்கு நாட்டப்பட்டது என்பது ஊர் மரபு. ஆண்டவரின் திருச்சிலுவைத் துண்டு ஒன்று இங்குப் போற்றப்படுகிறது. செப்டம்பர் 14 அன்று நடக்கும் விழாவிற்குக் கடற்கரை ஊர்களெல்லாம் திரண்டுவருகின்றன.

குன்றின் பக்கவாட்டில் இருக்கிறது சவேரியார் குகை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்குள்ள கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. சிறுவர் ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தனர்.

புனிதர் இக்கரைக்கு வந்தது 1542இல். அவர் செய்த புதுமைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அன்று நான் சிறுவருக்குச் சொன்னது 1544ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் இங்கிருந்து எழுதிய கடிதங்களின் செய்தி. வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடவில்லை. திரும்பிவந்தார், பிறகு தரைவழியே சென்றார். இன்னொரு பக்கம், இம்மக்களை வருத்திய போர்த்துக்கீசிய அதிகாரிகளைத் தம் கடிதங்களில் அவர் கடுமையாகச் சாடினார். தம்மை அனுப்பிவைத்த அரசரின் கொடியைச் சார்ந்தோர் என்பதற்காக அவர்களை விட்டுவைக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் பெரியவர், “அவரும் கயிறு பிடிச்சவர்தான்” என்று மெல்லச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: “நம்ம ஊர்க் கோயில்ல பழசா ஒண்ணும் இல்லையா சாமி?”

நான் பதில் சொல்லவில்லை. வெளியே ஓடிய பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் தூத்துக்குடி பனிமய அன்னை பேராலயத்தில் சற்று நேரம் செபித்தோம். 1713இல் அர்ச்சிக்கப்பட்டு, 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பசிலிக்காவாக உயர்த்திய கோவில் அது. சுற்றுப்புறத்தில் எத்தனை ஆட்சிகள் வந்துபோயின! போர்த்துக்கீசியர், 1658இல் ஒல்லாந்தர், பின்பு ஆங்கிலேயர். அன்னையின் தேர் மட்டும் இன்றும் நம் தெருக்களில் ஓடுகிறது.

கடற்கரையில் சிறுவர் விளையாட, பெரியவரும் நானும் மணலில் அமர்ந்தோம். அவர் கிழக்கே கைநீட்டினார்.

“அங்க வான் தீவு இருக்கு சாமி. அப்பால விலங்குசல்லி இருந்துச்சு. இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு.”

இங்கிருந்து இராமேசுவரம்வரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் இருந்தன. பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் ஆவுளியாவும் நிறைந்த அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும், அலையின் வேகத்தைத் தடுக்கும் பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததால், தீவுகளின் கரைகள் அரித்துப்போயின. இரண்டு தீவுகள் மூழ்கின. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015இல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கத் தொடங்கினர்.

“முத்து நின்னபொறகு நாங்க முருகைக்கல் வெட்டத்தான் போனோம்” என்றார் பெரியவர். “சுண்ணாம்புக் காளவாய்க்கு வள்ளம் வள்ளமாக் கொண்டாந்து போட்டோம். வீடு கட்டினோம், கோயில் கட்டினோம். கடல் இங்கதானே இருக்கு, எங்க போயிரப் போகுதுன்னு நெனச்சோம். அப்ப தெரியல சாமி.”

அந்தச் சொல்லை இரண்டாம் முறையாகக் கேட்டேன். சிறுமிக்குச் சொல்லாத பதிலை அவரிடம் சொன்னேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் இளங்குருவாக ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றினேன். அங்கே சுண்ணாம்புச் சுவர்களோடு ஒரு பழைய கோவில். நடுக்கூடத் தரையில் சில கல்லறைப் பலகைகள் பதிந்திருந்தன. ஒன்றில் நங்கூரமும், கால்பட்டுத் தேய்ந்த சில எழுத்துகளும் இருந்தன. திருவிழாவிற்குமுன் தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் பதிக்க வேண்டுமென்று பங்குப்பேரவை விரும்பியது. நானும் மகிழ்ந்து இசைந்தேன். நன்கொடையும் திரட்டினேன். பலகைகளைப் பெயர்த்தபோது அவை உடைந்தன. உடைந்தவற்றை வாசற்படியின் அடியில் போட்டு நிரப்பினோம். எழுத்துகளை ஒரு தாளில் பார்த்து எழுதிவைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. திருவிழாக் கொடியேற்றத்தன்று ஒரு மூதாட்டி கோவிலுக்குள் வந்தார். வழக்கமாக முழந்தாளிடும் இடத்தைக் காலால் தடவித் தேடினார். பிறகு என்னிடம் வந்து, “சாமி, எங்க பாட்டன் எங்க?” என்று கேட்டார்.

அன்றும் நான் பதில் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல், புதுத் தரையில் ஏதோ ஓரிடத்தில் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டுப் போனார்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “கயித்த விட்டுட்டோம் சாமி, நீங்களும் நானும்” என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, தொலைதூரத் திருத்தலங்களுக்குச் செல்லாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சென்றுவாருங்கள், கலிலேயாக் கரையில் நின்று கண்கலங்குங்கள். ஆனால், முத்துக்குளித்துறையில் நம்மை ஈன்ற விசுவாசம் எந்தக் கரையில் இறங்கியது, எந்த எழுத்தில் அச்சேறியது, எந்தக் கிணற்றில் நீர் அருந்தியது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுச் செல்லுங்கள். ஒரு நாள் போதும். ஒரு வேனும் கட்டுச்சோறும் போதும். நினைவுள்ள ஒரு முதியவரை உடன் அழைத்துச்செல்ல மறவாதீர்கள். ஏனெனில், கொற்கையில் பெரியவர் வாய்திறந்திராவிட்டால் நாங்கள் கண்டது ஒரு குளமும் ஒரு மரமும்தான்.

உடன் குருக்களுக்கும் பங்குப்பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கோவிலில் ஒரு கல்லைப் பெயர்க்குமுன், அதன் கீழ் யார் துயில்கிறார் என்று ஊரின் மூத்தோரைக் கேளுங்கள். எழுத்து இருந்தால் படியெடுங்கள்; புகைப்படம் எடுத்துப் பங்குப் பதிவேட்டோடு வையுங்கள். இறந்த விசுவாசிகளும் நம்மோடு ஒரே உடல் என்று விசுவாச அறிக்கையில் நாள்தோறும் புனிதர்களின் சமூக உறவை அறிக்கையிடுகிறோம். நமக்கு முன்னே ஆழத்தில் இறங்கியவர்களின் கயிற்று முனை இன்று நம் கையில் இருக்கிறது.

மறுவாரம் மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சிறுமியைத் தேடிச் சென்று, மூதாட்டியின் கதையை மறைக்காமல் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்குமா சாமி?” என்று கேட்டாள்.

இருக்கும். அதைத் திறந்து பார்க்க இசைவு கேட்டு, அப்பங்கின் தந்தைக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன்.